48 மெகாபிக்சலை நம்பிச் சிறிய கேமரா வாங்காதீர்கள்

சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராக்கள் மீதான ஆர்வம் இளையோரிடையே மீண்டும் பெருகியிருக்கும் இந்நாளில், ‘48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்’ என்ற விளம்பரத்தை நம்பி, இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத நிறுவனங்களின் கேமராக்களை வாங்கிவிட்டு, படம் தெளிவாக விழவில்லை என்று பழுதுநீக்கக் கொண்டுவருவோர் பலர். பெரும்பாலும் அவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் சிறியது; அது பதிவுசெய்யும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் கணக்கிட்டு நிரப்பும் புள்ளிகளையும் சேர்த்தே அந்த 48 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள்) எட்டப்படுகிறது. படத்தைக் கணினியில் முழு அளவில் திறந்து பார்த்தால், தலைமுடியும் புடவையின் இழைகளும் மெழுகு பூசியதுபோல் ஒன்றோடொன்று கலந்து தெரியும். ஜூமும் அத்தகையதே: லென்ஸ் அசையாமலிருக்க, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதற்கு டிஜிட்டல் ஜூம் என்று பெயர்.

உண்மையில் எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில், 4×6 அங்குலப் படத்துக்கு ஏறக்குறைய 2 மெகாபிக்சலும், ஏ4 தாளுக்கு ஏறக்குறைய 9 மெகாபிக்சலும் போதும். ஆகவே நீங்கள் கேட்டறிய வேண்டியது சென்சாரின் பரப்பளவை. சாதாரணச் சிறிய கேமராக்களில் பரவலாக உள்ள 1/2.3 அங்குலச் சென்சார் ஏறத்தாழ 6.2×4.6 மி.மீ.; சோனி 2012இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 கேமராவில் அமைந்த 1 அங்குலச் சென்சார் 13.2×8.8 மி.மீ., அதாவது நான்கு மடங்குப் பரப்பு. (மி.மீ. அளவையே ஒப்பிடுங்கள், அங்குலக் கணக்கு பழைய வீடியோக் குழாய்களின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்தது.) மாலை நேரத்தில் வீட்டுக்குள் எடுக்கும் படத்தில் ‘இரைச்சல்’ எனப்படும் புள்ளிப்புள்ளியான மாசு தோன்றுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தப் பரப்புதான்.

அடுத்து, லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். அதே ஆர்எக்ஸ்100இல் 1.8-4.9 என்றிருக்கும். ஒளி நுழையும் லென்ஸ் திறப்பின் அளவு இது; எண் கூடக்கூட ஒளி குறையும். ஜூம் செய்யாதபோது திறப்பு 1.8, முழுவதும் ஜூம் செய்தால் 4.9. இவ்விரண்டுக்குமிடையே சென்சாரை அடையும் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பல மலிவான கேமராக்கள் தொடங்குவதே 3க்கு மேல்தான். ஒளி குறைந்தால், அதை உள்ளே விடும் கதவான ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். ஓடியாடும் குழந்தை கலங்கித் தெரியும். அதிர்வுத் தடுப்பு வசதி உங்கள் கையின் நடுக்கத்தைச் சமாளிக்குமே தவிர, குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. விற்பனையாளர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கடையில் வாங்குபவர், வாசல் வெயிலில் எடுத்துக்காட்டப்படும் படத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். உங்கள் மெமரி கார்டைப் போட்டு, கடையின் மங்கலான மூலையில், பிளாஷ் இல்லாமலும், முழு ஜூமிலும், நடந்துசெல்லும் ஒருவரைப் படமெடுங்கள். சிறிய எழுத்துகள் நிறைந்த ஒரு பெட்டியைப் படம் முழுவதும் நிறையும்படி எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்தச் சோதனைப் படங்கள் உங்கள் கைப்பேசி எடுப்பதைவிட மேலாக இல்லையென்றால், வாங்காமல் விடுவதே சரி. லென்ஸே நகர்ந்து செய்யும் ஜூமும், எல்இடி விளக்காக இல்லாத உண்மையான பிளாஷும்தான் கைப்பேசியை விட்டு இதற்கு வருவதற்கு வலுவான காரணங்கள்.

பழைய கேமரா வாங்குவோர் லென்ஸினுள் டார்ச் அடித்துச் சிலந்திவலை போன்ற பூஞ்சை உள்ளதா என்று பார்ப்பது அவசியம். ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் இது மிகச் சாதாரணம். லென்ஸ் வெளிவரும்போது மணல் அரைபடும் ஓசை கேட்டால் அந்தக் கேமராவை வாங்க வேண்டாம். அதற்குரிய பேட்டரியும் கார்டும் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.