சிறுபடங்களுக்குள் மறையும் முகம்

பலர் பகிர்ந்த ஒளிப்படங்களைச் சிறு துண்டுகளாக அடுக்கி நம் முகத்தை உருவாக்கித் தரும் இணையக் கருவி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த வாசகர், அருகில் பூக்களும் படகுகளும் மட்டுமே தெரிவதும், பின்னே நகர்ந்தாலோ கண்ணைச் சுருக்கினாலோ முகம் தெரிவதும் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

2004-இல் தொடங்கிய ஃபிளிக்கர் தளம், தன்னிடமுள்ள படங்களை வெளியார் எழுதும் நிரல்களும் எடுத்தாள வழி திறந்துவிட்டதால், இத்தகைய விளையாட்டுக் கருவிகள் பெருகின. அவற்றின் வேலை எளிது. முதன்மைப் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளின் சராசரியைக் கணக்கிட்டு, அதற்கு மிக நெருங்கிய சராசரி நிறம் கொண்ட சிறுபடத்தைத் தேடி அங்கே பொருத்துகின்றன. அகலத்தில் 60, உயரத்தில் 80 கட்டங்கள் என்றால் 4,800 தேடல்கள். கணினிக்கு அது பெரிய சுமையன்று.

வியப்பு நம் பார்வையில்தான் இருக்கிறது. இசையைத் தாழ்ந்த சுரங்களாகவும் உயர்ந்த சுரங்களாகவும் பிரிப்பதுபோல, எந்தப் படத்தையும் மெதுவான ஒளி மாற்றங்களாகவும் விரைவான ஒளி மாற்றங்களாகவும் பிரிக்கலாம். கண்குழியின் இருள், மூக்கின் நிழல் ஆகியவை மெதுவானவை. துண்டுகளின் விளிம்புகளும் அவற்றினுள் இருக்கும் பூக்களும் விரைவானவை. விலகிச் செல்லும்போது விரைவானவை கண்ணின் பகுத்தறியும் எல்லைக்குக் கீழே போய்விடுகின்றன என்பதே வழக்கமான விளக்கம். ஆனால் அந்த எல்லை ஏறத்தாழ ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 1 சென்டிமீட்டர் துண்டு அவ்வளவு சிறிதாகத் தெரிய நாம் சுமார் 34 மீட்டர் விலக வேண்டும். முகமோ அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடுகிறது.

இதற்கு விடை தந்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியான் ஹார்மனும் பேலா யூலெசும். ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சதுரங்களாக்கி அவர்கள் செய்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது. விரைவான மாற்றங்கள் அனைத்தும் ஒரே அளவில் முகத்தை மறைப்பதில்லை. முகத்தைச் சுமக்கும் மெதுவான மாற்றங்களுக்கு மிக அருகில் உள்ளவையே வலுவாக மறைக்கின்றன. ஒரு சுரத்தை அதற்கு நெருங்கிய சுரத்தின் இரைச்சல்தான் காதில் அதிகம் அமுக்குகிறது. கண்ணிலும் அதே விதி இயங்குகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. நாம் விலகும்போது கண்ணின் உணர்திறன் எல்லையில் திடீரென அறுந்துபோவதில்லை, படிப்படியாகக் குறைகிறது. ஆகவே அந்த அண்டை மாற்றங்கள் முழுவதும் மறையத் தேவையில்லை, சற்று வலுவிழந்தாலே முகம் மீள்கிறது. கண்ணைச் சுருக்குவதும் படத்தை மங்கலாக்கி அதையே செய்கிறது.

ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் லிங்கனின் கலங்கிய முகத்துக்குக் காலமும் பணமும் ஒதுக்கியது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே உடனடிப் பயனைக் கேட்கும் நிதி அமைப்புகள் இத்தகைய வேலையை வளரவிடா என்பது என் உறுதியான கருத்து.

கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கருவிகள் பொருத்தமான சிறுபடத்தைத் தேடுவதற்குப் பதிலாக, கிடைத்த படத்தின்மேல் முதன்மைப் படத்தின் நிறத்தை மெல்லிய படலமாகப் பூசிவிடுகின்றன. ஒரே பூ ஓரிடத்தில் பழுப்பாகவும் மற்றோரிடத்தில் நீலமாகவும் இருந்தால் அங்கே பூச்சு நடந்திருக்கிறது. முகம் எளிதில் தெரியும். ஆனால் பகிர்ந்தவர் எடுத்த நிறம் அதில் இல்லை. சேமிப்பில் போதிய படங்களை வைத்து உண்மையாகத் தேடும் கருவியையே நான் பரிந்துரைக்கிறேன்.