குழந்தையின் இதயத்துக்கு எக்கோ: அரசுத் திட்டத்தில் எது அடங்கும்?

பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் 30 உடல்நிலைகளைக் கண்டறிந்து கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பதற்காக, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பிறவி இதய நோயும், ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகும் ருமாட்டிக் இதய நோயும் இந்த முப்பதில் அடங்கும். அறுவை சிகிச்சை மட்டும்தான் இலவசம் என்று எண்ணி, ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையை வெளியில் பணம் கட்டி எடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நோயை உறுதிசெய்யும் பரிசோதனையும் திட்டத்துக்கு உட்பட்டதே.

திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஒரு முறையும் வர வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துச் சந்தேகம் எழுந்தால், குழு மருத்துவர் பரிந்துரைச் சீட்டு எழுதி மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்; எக்கோவுக்கும் மேல்சிகிச்சைக்கும் எங்கே செல்வது என்பது அங்கே முடிவாகும். குழு வந்த நாளில் குழந்தை விடுப்பில் இருந்திருந்தால், அடுத்த வருகைக்குக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவதே சரி.

ஸ்டெதாஸ்கோப்பில் பிடிபடாத இதய நோயும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இடது கரோனரி தமனி, மகாதமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பும் பிறவிக் கோளாறு மிக அரிது. இரைச்சல் எதுவும் கேட்காமலே போகலாம். ஆனால் இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, வெளிறி, மூச்சு வாங்கி, பாதியில் விட்டுவிட்டு அழுவதும், எடை ஏறாமல் நிற்பதும் தாய்க்குத் தெரியும். மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லி, எக்கோ தேவையா என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சி ஏற்படுத்தும் கவாசாகி நோய்க்கும் எக்கோ தேவை; ஆனால் அது திட்டத்தின் 30 நிலைகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படவில்லை. ஐந்து நாளைத் தாண்டும் காய்ச்சல், பீளை கட்டாத சிவந்த கண், வெடித்த உதடு, உடல் தடிப்பு என்று வரும் இந்நோயில் உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரி தமனி வீங்கிவிடுகிறது. ஒரே எக்கோவோடு நிறுத்திவிடாமல், சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு வாரத்திலும், நான்கு முதல் ஆறு வாரத்திலும் மீண்டும் எடுப்பது நடைமுறை. ஊசியோ கதிர்வீச்சோ இல்லாததால் எக்கோவைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் தீங்கில்லை. குழந்தை வளர வளரத் தமனியின் கடைப்பகுதி எக்கோவில் தெளிவாகத் தெரியாமல் போகும்போது இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் கேட்கப்படும், அதில் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும். சிறு குழந்தையை மயக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டில் பெரிய செலவுகளுக்குக் கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். குழந்தைக்குத் தேவைப்படும் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பதை, அனுமதிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடமோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பெயர் விடுபட்டிருப்பது தெரிந்து கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் பலர்.

எந்த வழியில் சென்றாலும் முதல் எக்கோ அறிக்கையைத் தொலைத்துவிடக் கூடாது. அதில் மில்லிமீட்டரில் குறித்திருக்கும் தமனியின் அளவை வைத்துத்தான், வீக்கம் வடிகிறதா வளர்கிறதா என்று அடுத்த மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.