அப்ஸ்டினன்ஸ்: பிரம்மச்சரியமா, பாலுறவுத் தவிர்ப்பா?

விந்துப் பரிசோதனைக்குப் போனால் ஆய்வகத்தில் முதலில் கேட்பது, 'அப்ஸ்டினன்ஸ் எத்தனை நாள்?' என்பதுதான். வந்தவர் விழிப்பார். கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மிகாமலும் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. மணமானவரும் சொல்ல வேண்டும், சுய இன்பமும் கணக்கில் சேரும். ஒழுக்கத்துக்கும் இந்தக் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே சொல் பாலியல் கல்விக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வரும்போது, 'பாலுறவு கொள்ளாதே' என்ற கட்டளையாகிவிடுகிறது. அதைப் 'பிரம்மச்சரியம்' என்று தமிழில் எழுதிவிட்டாலோ, காவி உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறது.

சொல்லின் பிறப்பு எளிமையானது. லத்தீனில் 'அப்ஸ்' என்றால் விலகி, 'டெனேரே' என்றால் பிடித்தல். வேண்டும் என்று தோன்றுவதிலிருந்து கையை விலக்கிப் பிடித்துக்கொள்வது. எதிலிருந்து என்பதைச் சொல் தானாகச் சொல்வதில்லை. போதை மீட்பு சிகிச்சையில் அது மதுவையோ போதைப்பொருளையோ அறவே தொடாமல் இருப்பது. கத்தோலிக்கத் திருச்சபையில் குறித்த நாட்களில் இறைச்சி உண்ணாமல் இருப்பது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதற்கு வெகு காலமாகவே 'சுத்தபோசனம்' என்ற அழகான சொல்லை வைத்திருக்கிறார்கள், 'ஒருசந்தி' என்பதோடு சேர்த்து. பாலுறவு என்ற பொருள் இடத்தைப் பார்த்து வருவது.

பக்கத்தில் நிற்கும் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். செலிபசி, 'கேலெப்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருள் மணமாகாதவர். கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் ஏற்கும் மணத்துறவு இதுதான். சேஸ்டிட்டி, 'காஸ்டுஸ்', அதாவது தூய என்பதிலிருந்து வந்தது. அதில் மதிப்பீடு கலந்திருக்கிறது. வர்ஜினிட்டி கன்னித்தன்மை, ஒருவரது கடந்த காலத்தைப் பற்றிய கூற்று. அப்ஸ்டினன்ஸ் இவை மூன்றும் அல்ல. பிள்ளை பெற்று உடல் தேறும்வரை கணவனும் மனைவியும் விலகியிருந்தால் அது அப்ஸ்டினன்ஸ். அவர்கள் மணமானவர்கள், கன்னித்தன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை, தூய்மை கெடவும் இல்லை, கூடவும் இல்லை. ஒரு காலத்தில் ஒருவர் செய்யும் ஒரு செயல் அது. நேற்று வரை செய்யாதவர் இன்று தொடங்கலாம், இன்று செய்பவர் பிறகு விடலாம்.

இந்த இடத்தில்தான் பிரம்மச்சரியம் பொருந்தாமல் போகிறது. 'பிரம்மம்' இங்கே வேதம், 'சரியம்' நடந்துகொள்ளும் முறை. வேதம் ஓதும் மாணவன் ஆசிரியர் வீட்டில் தங்கிப் பணிவிடை செய்து, இரந்து உண்டு வாழும் வாழ்முறைக்குப் பெயர் பிரம்மச்சரியம். பாலுறவின்மை அதில் ஒரு விதி. நான்கு ஆசிரமங்களில் முதலாவது என்பதால் படிப்பு முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்கத் தொடர்பவரை 'நைஷ்டிக பிரம்மச்சாரி' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் அந்த மாணவனுக்கு 'மாணி' என்று பெயர். பெரியாழ்வார் தாலாட்டும் 'மாணிக் குறளன்' அந்த வேடத்தில் வந்த வாமனன்தான்.

பிறகு பொருள் பல பக்கம் கிளைத்தது. சமணத்தில் துறவிக்கு முழு விலகல், இல்லறத்தாருக்குத் தன் துணையோடு மட்டும் நிற்றல். இரண்டுக்கும் பெயர் பிரம்மச்சரியமே. காந்தி 1906இல் தென்னாப்பிரிக்காவில் அந்த நோன்பை ஏற்றபோது அவருக்கு மனைவி உண்டு, நான்கு மகன்களும் உண்டு. அவர் அதை நாக்கு உட்பட எல்லாப் புலன்களையும் அடக்குவதாக விரித்துக்கொண்டார். பேச்சுத் தமிழோ அதற்கு நேர் எதிராகச் சுருக்கியது. 'அவர் கட்டை பிரம்மச்சாரி' என்றால் கடைசிவரை கல்யாணம் கட்டாதவர் என்றுதான் பொருள். அவர் வேறெப்படி வாழ்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு இந்தச் சொல்லைப் பேச்சில் யாரும் சொல்வதும் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கும்போது, ஆணை மட்டும் குறிக்கும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு சுமையும் அதோடு ஏறிவிட்டது: விந்து பயம். 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு பிரம்மச்சரியம் என்றால் விந்தைச் சேமிப்பது. தூக்கத்தில் தானாக வெளியேறினால்கூட ஏதோ குடிமுழுகிவிட்டதாக நினைத்து வைத்தியரைத் தேடுகிறான். இளைத்துவிட்டேன், ஞாபகமறதி, உடல் சோர்வு என்று அவன் அடுக்கும் புகார்களைக் கூர்ந்து கேட்ட மனநல மருத்துவர் என். என். விக், 1960இல் இதற்கு 'தாது நோய்க்குறி' என்று பொருள்படும் பெயரே வைத்தார். உடலுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. பருவம் எய்தியதிலிருந்து விந்தணுக்கள் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவற்றை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. சேர்த்து வைத்தால் பலம் கூடாது, போனால் குறையாது. பாலுறவைத் தள்ளிப்போட நல்ல காரணங்கள் பல உண்டு. இந்தப் பயம் அவற்றில் ஒன்றல்ல.

அப்படியானால் 'கற்பு'? அதன் கதை இன்னும் வேடிக்கை. தொல்காப்பியத்தின் கற்பியல் மணவாழ்க்கையைப் பேசுகிறது. 'கற்பெனப் படுவது கரணமொடு புணர' என்றுதான் தொடங்குகிறது. களவு முடிந்து சடங்கோடு கூடி வாழும் காலம் கற்பு. அதாவது பாலுறவு அதற்குள் இருக்கிறது. பின்னால் அது பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிய சுமையானது. (கத்தோலிக்கத் துறவற சபைகளில் ஆண்களும் ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு கற்பு வார்த்தைப்பாடும், அதாவது உறுதிமொழியும், கொடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.) இந்தச் சொல்லின் கெடுதல் 'கற்பழிப்பு' என்பதில் பளிச்சென்று தெரியும்: குற்றம் செய்தவன் ஒருவன், அழிந்துபோனது அவளுடையது. நல்லவேளையாக 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' ஆகியவை அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.

தூய்மைச் சொற்களால் பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சியம் இருக்கிறது. எலிசபெத் ஸ்மார்ட் 2002இல் 14 வயதில் கடத்தப்பட்டு, ஒன்பது மாதம் சிறைவைக்கப்பட்டு வல்லுறவுக்கு ஆளானவர். பள்ளியில் ஓர் ஆசிரியை, மணத்துக்கு முன் உறவு கொண்டவரை மென்று துப்பிய சூயிங்கத்தோடு ஒப்பிட்டிருந்தார். தனக்கு அந்தக் கொடுமை நடந்தபோது நினைவுக்கு வந்தது அதுதான், இனி தனக்கு மதிப்பே இல்லை என்று தோன்றியது என்று 2013இல் ஒரு மேடையில் அவர் சொன்னார். தவிர்ப்பைப் பற்றிய பாடம், தவிர்க்க வாய்ப்பே இல்லாதிருந்த ஒரு சிறுமியைத் தாக்கியது.

என் மனதுக்குப் பிடித்த பழஞ்சொல் 'நிறை'. 'நிறையெனப் படுவது மறைபிறர் அறியாமை' என்கிறது கலித்தொகை: மனதில் மறைந்திருப்பதைப் பிறர் அறியாமல் காப்பது. 'மகளிர் நிறைகாக்கும் காப்பே தலை' என்கிறார் வள்ளுவர்: வெளியிலிருந்து போடும் காவல் என்ன செய்யும், தானே தன்னைக் காப்பதுதான் காவல். கட்டளையை விட்டு ஒருவருடைய சொந்த முடிவுக்கு அருகில் வரும் சொல் இது. ஆனாலும் அதே வள்ளுவர் 126ஆம் அதிகாரத்துக்கு 'நிறையழிதல்' என்று பெயரிட்டு, நாணம் என்ற தாழ் போட்ட நிறை என்னும் கதவைக் காமம் என்ற கோடரி உடைப்பதாகக் காதலில் தவிக்கும் பெண்ணையே பேசவிடுகிறார். நிறை உடையக்கூடியது என்பதை ஒளிக்கவில்லை. இன்று நிறை என்றால் தராசுதான் நினைவுக்கு வரும் என்பதால் சொல்லை மீட்க வழியில்லை. உடையும் என்ற உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த உண்மையைத்தான் 'தவிர்ப்பு மட்டும்' கல்வி விட்டுவிட்டது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு நலத்திட்டச் சட்டம், மணம் ஆகும்வரை தவிர்ப்பதை மட்டும் கற்பிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அப்படிப்பட்ட 4 திட்டங்களை ஆராய்ந்து 2007இல் வெளியான அறிக்கையில், பாடம் கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே விகிதத்தில் தவிர்த்திருந்தார்கள், சராசரியாக ஒரே வயதில் உறவைத் தொடங்கியிருந்தார்கள். மணம்வரை தவிர்ப்பதாக இளையோர் உறுதிமொழி எடுக்கும் இயக்கம் ஒன்றை 1993இல் ஒரு கிறிஸ்தவ சபை தொடங்கிவைத்தது; அதன் கதை கொஞ்சம் வேறு. 2001இல் வந்த ஆய்வின்படி உறுதிமொழி எடுத்தவர்களில் பலர் முதல் உறவைத் தள்ளிப்போட்டார்கள், சராசரியாக 18 மாதம். ஆனால் பள்ளியில் உறுதி எடுத்தவர்கள் சிறு கூட்டமாக இருந்த வரைதான் அது பலித்தது. உறுதியை மீறியவர்களோ மற்றவர்களைவிடக் குறைவாகவே கருத்தடை முறையைக் கையாண்டார்கள். ஆணுறையைக் கையில் வைத்திருப்பதே மீறப்போவதை ஒப்புக்கொண்டது போலாகுமே!

கருத்தடை முறைகளைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். ஆண்டு முழுக்கப் பிசகில்லாமல் பயன்படுத்தினால் ஆணுறையை நம்பியிருக்கும் 100 பெண்களில் 2 பேர் கருவுறுவர்; மனிதர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விதத்தில் 13 பேர். தவிர்ப்புக்கு மட்டும் முதல் கணக்கைச் சொல்லி 'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என்பார்கள். பிசகில்லாமல் இருந்தால் உண்மைதான். மற்றெல்லா முறையிலும் மறதியும் சலனமும் கணக்கில் வரும்போது இதில் மட்டும் ஏன் வரக்கூடாது?

எதைத் தவிர்ப்பது என்பதே பிள்ளைகளுக்குத் தெளிவாக இருப்பதில்லை. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை, கல்லூரி மாணவர்களில் 59 விழுக்காட்டினர் வாய்வழி உறவைப் 'பாலுறவு' என்று எண்ணவில்லை என்று காட்டியது. அப்படி எண்ணும் ஒருவர் தான் முழுத் தவிர்ப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டே பால்வினை நோய்க்கு ஆளாகலாம், ஹெர்பீஸ், எச்.பி.வி. ஆகிய வைரஸ்கள் தோலோடு தோல் பட்டாலே தொற்றும். பெயர் சொல்லக் கூச்சப்பட்டு 'கட்டுப்பாடா இரு', 'ஒழுங்கா இரு' என்று மூடி முழுங்கும் அறிவுரை இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

அந்தக் கூச்சத்துக்கும் ஒரு சொல்தான் காரணம். 'செக்ஸ்' என்பதைத் தமிழ்ப் பேச்சில் புணர்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அதனால் 'செக்ஸ் எஜுகேஷன்' என்றதும் பெற்றோருக்குப் புணர்ச்சிப் பாடமாகக் காதில் விழுகிறது. 'பால்' என்றால் பகுப்பு. தொல்காப்பியர் ஐம்பால் என்று பகுத்ததும் அதே பால்தான். பாலியல் கல்விக்குள் உடல் வளர்ச்சி, மாதவிடாய், சம்மதம், அத்துமீறலை அடையாளம் காண்பது, கருத்தடை, தவிர்ப்பு எல்லாம் அடங்கும். யுனெஸ்கோவின் வழிகாட்டி (2009இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது) தவிர்ப்பை ஒதுக்கிவிடவில்லை. மற்றவற்றோடு சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. முழுமையாகக் கற்பித்தால் பிள்ளைகள் சீக்கிரமே உறவைத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்குச் சான்று இல்லை என்பதையும் சொல்கிறது.

இனி ஏற்ற சொல். மதுவிலக்கு போல 'பாலுறவு விலக்கு' எனலாமா? விலக்கு என்பது அரசோ ஊரோ அடுத்தவர்மேல் போடுவது. வீட்டுக்கு 'விலக்கு' என்ற வழக்கின் வலியும் அதில் ஒட்டியிருக்கிறது. 'புலனடக்கம்' ஐந்து புலனையும் இழுத்துவரும். 'துறவு' திரும்பி வராத பாதை. 'தவிர்ப்பு' போதும். தவிர்ப்பவர் ஒருவர் இருக்கிறார், தவிர்க்கப்படும் பொருளுக்குப் பெயர் இருக்கிறது, ஆண் பெண் வேறுபாடும் காலக்கெடுவும் இல்லை.

எழுதும்போது 'பாலுறவுத் தவிர்ப்பு' என்று வல்லினம் மிகும். மணம்வரை என்றால் 'மணத்துக்கு முந்தைய தவிர்ப்பு'. கருத்தரிக்கும் நாட்களில் மட்டும் விலகியிருப்பது 'இடைவிட்ட தவிர்ப்பு'. விந்தணு பெண்ணுடலில் 5 நாள்வரை உயிரோடிருக்கும் என்பதால், கருமுட்டை வெளிவரும் முன்புள்ள அந்த நாட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். வயதுக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளுவதைத் 'தள்ளிப்போடுதல்' என்றே எழுதலாம், பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஆய்வகப் படிவத்தில் இவை எதுவும் பொருந்தாது. 'கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள்?' என்று அச்சிட்டுவிட்டால் வந்தவர் விழிக்க வேண்டியதில்லை.