நிழல் குட்டையாகும் நேரத்து வெயில்

"தினமும் காலையில ஆறு மணிக்கு வாக்கிங் போறேன் டாக்டர். வெயில் படத்தான் செய்யுது. எனக்கு எப்படி வைட்டமின் டி 11?" என்று கேட்டார் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். ரிப்போர்ட்டில் அந்த 11-ஐச் சுற்றிப் பேனாவால் வட்டமே போட்டிருந்தார். 20-க்குக் கீழே போனால் குறைவு என்பது வழக்கமான கணக்கு.

அவர் கேட்டது நியாயம்தான். இளவெயில் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்குவது வெயிலின் சூடோ வெளிச்சமோ கிடையாது. புற ஊதாக் கதிர்களில் யுவி-பி என்ற பகுதி. அது தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளின் மேல் பட்டால்தான் வேலை தொடங்கும். அப்புறம் கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்தும். விடியற்காலையில் சூரியன் தாழ்வாக இருப்பதால் கதிர்கள் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வரவேண்டும். யுவி-பி-யில் பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடும்.

அவரிடம் நிழலைப் பார்க்கச் சொன்னேன். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? அப்போது விழுகிற வெயிலில் யுவி-பி போதுமான அளவு இருக்கும். சென்னையில் மாதத்தைப் பொறுத்து ஒன்பது மணிக்கும் பத்தரைக்கும் இடையில் அந்த நேரம் தொடங்கிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. முகமும் கைகளும் வெயிலில் படும்படி இருபது, முப்பது நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள் என்றுதான் ஆரோக்கியமானவர்களுக்கு நான் சொல்வது. தோல் எரிய ஆரம்பித்தால் நிழலுக்கு வந்துவிடுங்கள். மணிக்கணக்கில் நின்றும் பலனில்லை. ஓர் அளவைத் தாண்டினால், உருவானதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும்.

கார் கண்ணாடிக்கும் ஆபீஸ் ஜன்னலுக்கும் உள்ளே விழும் வெயில் இந்தக் கணக்கில் சேராது. கண்ணாடி யுவி-பி-யைத் தடுத்துவிடும். தோலைக் கருக்கும் யுவி-ஏ மட்டும் பெரும்பாலும் உள்ளே வரும்.

"ஆன்லைனில் யுவி லைட் வாங்கலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். வெண்புள்ளி, சொரியாசிஸுக்குத் தோல் மருத்துவர்கள் 311 நானோமீட்டர் யுவி-பி விளக்கு வைக்கிறார்கள். அதில் வைட்டமின் டி-யும் கூடத்தான் செய்கிறது. ஆனால் அங்கே நேரத்தைக் கணக்குப் போட்டு, கண்ணை மறைத்துத்தான் வைப்பார்கள். தோலைப் பழுப்பாக்கும் படுக்கை விளக்குகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-லேயே புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. நோய் இல்லாதவர்களுக்கு வீட்டில் அந்த விளக்கே வேண்டாம்.

வைட்டமின் டி மாத்திரையிலும் கவனம் வேண்டும். 60,000 யூனிட் மருந்து பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். தினமும் ஒன்று என்று ஒரு மாதத்துக்கு மேல் விழுங்கிவிட்டு, வாந்தியும் அடங்காத தாகமுமாக ஓர் அம்மா என்னிடம் வந்தார். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. வெயிலால் அப்படி ஆகாது. மருந்துச் சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருக்கிறதா, கடையில் கொடுக்கும்போதே படித்துப் பாருங்கள்.