எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்றும் முன் ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்

"தம்பி, பாத்ரூம்ல ஆறு இன்ச் ஃபேன் பத்தலைன்னு பத்து இன்ச் மாத்தியாச்சு, அப்பவும் சீலிங்ல கறுப்புப் புள்ளி வருதே" என்று வேளச்சேரியில் ஒரு வீட்டம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஃபேன் பிரமாதமாகச் சுற்றுகிறது, சத்தம் ஹால் வரை கேட்கிறது. பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கி, ஃபேனை ஒட்டியே திறந்திருந்த வெண்டிலேட்டர் லூவர் கண்ணாடிகளுக்கு நேராகப் பிடித்தேன். புகை கொஞ்சம்கூட அறைக்குள் வராமல் அப்படியே திரும்பி ஃபேனுக்குள் போய்விட்டது. அதாவது வெளிக்காற்றை லூவர் வழியாக இழுத்து, அதையே திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது ஃபேன். குளித்த ஆவியெல்லாம் எதிர் மூலையில் சீலிங்கில் உட்கார்ந்திருக்கிறது.

என் அனுபவத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான், ஃபேன் சின்னது என்று நினைத்துப் பெரிசு வாங்குகிறார்கள், ஆனால் காற்று உள்ளே வர வழி இருக்கிறதா, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காற்று கதவுப் பக்கம் நுழைந்து அறை முழுக்கக் கடந்து ஃபேனுக்கு வர வேண்டும். நம் ஊரில் தண்ணீர் வெளியே வராமலிருக்க கிரானைட் படி வைத்து, அதில் பிவிசி கதவு இறுக்கமாக உட்காரும்படி செய்துவிடுகிறோம். கதவின் கீழ்ப் பாதியில் சின்னதாக ஒரு காற்று கிரில் பதித்தால் போதும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். அடைத்த அறையில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தாலும், காற்று வர வேறு வழியில்லை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே புகையைத் திரும்ப உள்ளே இழுக்கலாம். கீசரை வெளியே வையுங்கள், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

சரி, அளவுக்கு வருவோம். ஐந்துக்கு ஏழு அடி, ஒன்பது அடி உயரம் என்றால் 315 கன அடி, கிட்டத்தட்ட 9 கன மீட்டர். மணிக்குப் பத்து தடவை காற்று மாறணும் என்றால் 90 கன மீட்டர்தான் வேண்டும், சுவரில் நேரே மாட்டும் ஆறு இன்ச் ஃபேனே தாராளம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் ஹோஸ் போட்டு, அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாக மேலே போகும் டக்ட்டுக்குக் கொண்டுபோவதானால் மட்டும் கதை வேறு. பெட்டியில் எழுதியிருப்பது எந்தத் தடையும் இல்லாமல் அளந்த கணக்கு, சாதாரண இறக்கை ஃபேன் அந்த ஹோஸில் திணறிவிடும். அதற்கு, தடை இருந்தாலும் காற்றை அழுத்தித் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் வகை வாங்குங்கள். நான்கு வீட்டு பாத்ரூமும் ஒரே டக்ட்டில் திறந்தால், தானாக மூடும் ஷட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் கீழ்வீட்டு பீடி வாசனை உங்கள் வீட்டில்!

அப்புறம் கன்ட்ரோல். ஈரப்பதம் பார்த்து ஓடும் சென்சார் ஃபேன் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குளிர் நாட்டில் வெளிக்காற்று உள்ளே வந்து சூடானதும் உலர்ந்துவிடும், அங்கே அது சரி. சென்னையில் பல நாள் காலையில் வெளியிலேயே ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும், சென்சாரை 65-இல் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. 30 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட். தூசி அடைந்து இறுகிய மோட்டார் யாரும் பார்க்காமல் சூடாகிக்கொண்டே இருப்பது அதைவிட மோசம்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் 20 நிமிடம் ஓடி நிற்கும் டைமர் போதும். டைமர் ஃபேனுக்கு நியூட்ரலோடு எப்போதும் கரண்ட் இருக்கும் பேஸ் ஒன்று, ஸ்விட்ச் வழியாக வரும் பேஸ் ஒன்று என்று மூன்று ஒயர் வேண்டும், எர்த் தனி. பழைய வீட்டில் ஃபேன் பாயிண்ட்டில் இரண்டுதான் இருக்கும், அங்கே டைமரை வெளியே ஸ்விட்ச் போர்டிலேயே வைத்துவிடலாம். அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரியில் பத்து இன்ச்சைக் கழற்ற அம்மா விடவில்லை, காசு கொடுத்தது இருக்கட்டும் என்றார். லூவர்களை அக்ரிலிக் ஷீட் வைத்து அடைத்து, கதவில் கிரில் பதித்து, போர்டில் டைமர் மாட்டினேன். மறுபடி ஊதுபத்தியைக் கதவடியில் பிடித்தபோது புகை தரையோடு தவழ்ந்து உள்ளே போனது.