மேல் நம்பர், கீழ் நம்பர், நடுவில் ஒரு கழித்தல்

"கீழ் நம்பர் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று பிரஷர் நோட்டை நீட்டினார் பெரியவர். வயது 72. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர், இப்போது கோலாலம்பூர் செந்தூலில் மகன் வீட்டில் இருக்கிறார். நோட்டில் 168/66. "நாடியும் கிண்ணுனு அடிக்குது" என்றார் அவர் மனைவி. தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், விரலையே தள்ளும் துடிப்பு. எனக்கு உறுத்தியதே அதுதான்.

168-இல் 66 போனால் 102. இந்த இடைவெளிக்கு நாடி அழுத்தம் என்று பெயர். சாதாரணமாக 40-ஐ ஒட்டி இருக்கும். வயதானவர்களுக்கு 60-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, பிறகு சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். வயதும் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து அதை விறைக்க வைக்கின்றன. விரியாததால் மேல் நம்பர் ஏறும், சுருங்கித் தள்ளாததால் கீழ் நம்பர் இறங்கும்.

"காஞ்சுபோன ரப்பர் ஷீட்டு மாதிரியா?" என்று அவரே கேட்டார். அப்புறம் நான் விளக்க ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் 1948-இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது: நடுவயதைத் தாண்டியவர்களில் மேல் நம்பர் ஒன்றாக இருந்தாலும், கீழ் நம்பர் குறைந்தவருக்கே இதயநோய் ஆபத்து அதிகம். துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடைவரை ஓடும் வேகத்தையும் அளக்கலாம். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்திருக்கிறது. வேகம் கூடக் கூட மரண ஆபத்தும் கூடுகிறது. அந்தக் கருவி எங்கள் கிளினிக்கில் இல்லை. கழித்தல் கணக்குக்குக் கருவி எதற்கு?

ஒரு நாள் நம்பரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கோப்பிக் கடையிலிருந்து மாடிப்படி ஏறி வந்த கையோடு அளந்தால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து அளக்க வேண்டும். வால்வுக் கசிவு, ரத்தசோகை, தைராய்டு கோளாறு இவையும் இடைவெளியை அகட்டும் என்பதால் அவருக்கு ரத்தப் பரிசோதனையும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எழுதினேன்.

மருந்தில்தான் சிக்கல். மேல் நம்பரை இறக்கினால் கீழ் நம்பரும் கூடவே இறங்கும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில் போகிறது; கீழ் நம்பர் அந்த நேரத்து அழுத்தம் என்பதால், அது ரொம்பவும் விழக் கூடாது. எழுந்து நின்றதும் மேல் நம்பர் 20 குறைந்தால், பாத்ரூமில் விழுந்து இடுப்பு ஒடியும் பயம் வேறு. அதனால் குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நிற்க வைத்தும் அளக்கிறேன்.

அடுத்த மாதம் வந்தபோது நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தது, மனைவியின் கையெழுத்தில். இரண்டு இடத்தில் கழித்தல் தப்பு. கடைசி வரி 146/64. அது சரியாகவே இருந்தது, 82.