மூச்சு இழுக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்

"வண்டியில் ஏற்றும்போதுகூட மூச்சு இருந்தது, டாக்டர்."

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். இந்த மாதம் இன்னொரு குடும்பம் என்னிடம் இதைச் சொன்னது. ஐம்பதைத் தொடாதவர். சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார். மனைவியும் மகனும் அருகிலேயே இருந்திருக்கிறார்கள். சில நொடிகள் கை கால் வெட்டி இழுத்ததால், வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயிலும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். பிறகு பக்கத்து வீட்டுக் காரின் பின் இருக்கையில் கிடத்தி, மனைவியின் மடியில் தலையை வைத்து, மருத்துவமனை வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியபோது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வலது உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்த தடம் மறையாமல் இருந்தது. மானிட்டரில் நேர்க்கோடு. நெஞ்சை அழுத்தினோம், குழாய் போட்டோம், அட்ரினலின் கொடுத்தோம். உயிர் திரும்பவில்லை. விழுந்த நொடி முதல் எங்கள் வாசல் வரை அவர் நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை. காரணம் கேட்டபோது மகன் சொன்னதுதான் மேலே உள்ள வாக்கியம்.

அந்தப் பையன் பார்த்ததைத்தான் சொன்னான். ஆனால் அவன் பார்த்தது மூச்சு அல்ல.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதயம் திடீரென்று நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும். ஆனால் மூளையின் அடித்தண்டு உடனே ஓய்ந்துவிடாது. ரத்தம் வராத நிலையிலும் அது சில நிமிடங்கள் வரை மார்புத் தசைகளுக்குக் கட்டளை அனுப்பிப் பார்க்கும். அதன் விளைவாக, கரையில் போட்ட மீனைப் போல வாய் திறக்கும், தாடை அசையும், தொண்டையில் குறட்டை போன்ற சத்தம் வரும், ஒரு பெரிய இழுப்பு நடக்கும். பிறகு நீண்ட இடைவெளி. மீண்டும் ஓர் இழுப்பு. வீட்டில் "சேடம் இழுக்கிறது" என்பார்கள், "மேல்மூச்சு வாங்குகிறது" என்பார்கள். எப்படிச் சொன்னாலும், அந்த இழுப்பில் நுரையீரலுக்குப் போதிய காற்று போவதில்லை. போனாலும் அதைச் சுமந்து செல்ல ரத்த ஓட்டம் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களை ஆராய்ந்து 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த இழுப்பு இருந்தவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இழுப்பே இல்லாதவர்களில் 8 சதவீதம் பேர்தான் பிழைத்தார்கள். இழுப்பு இருப்பவர்களின் மூளைத்தண்டு இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது என்பதால் அவர்களே மீட்க மிகவும் ஏற்றவர்கள். ஆம்புலன்ஸ் தாமதமாகத் தாமதமாக அந்த இழுப்பும் குறைந்துகொண்டே போனதை அதே ஆய்வு காட்டியது. அதாவது, நம் வீட்டுக் கூடத்தில் "மூச்சு இருக்கிறது, பயப்படாதே" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் அந்த நான்கைந்து நிமிடங்கள்தான், நெஞ்சை அழுத்துவதற்குக் கிடைத்த மிக நல்ல நிமிடங்கள். பிழைக்க அதிக வாய்ப்புள்ளவர்களைத்தான் நாம் பார்த்துக்கொண்டே இழக்கிறோம்.

ஆகவே நாடி பார்க்காதீர்கள். பதற்றத்தில் உங்கள் விரலில் துடிப்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம். பயிற்சி பெற்றவர்களே தடுமாறுகிறார்கள். மூக்கில் நூல் பிடித்துப் பார்ப்பது, பாதத்தைத் தேய்ப்பது, சோடா தேடி ஓடுவது எதுவும் வேண்டாம். இரண்டே கேள்விகள். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் விழிக்கிறாரா? நீங்களும் நானும் மூச்சு விடுவதுபோல் சீராக விடுகிறாரா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் அழுத்தத் தொடங்குங்கள். இந்த இரண்டு கேள்விகள் பல ஊர்களில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டியில் 1980களின் தொடக்கத்திலிருந்தே அவசர அழைப்பை எடுப்பவர் இப்படிக் கேட்டுவிட்டு, எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்து வருகிறார். நம் நாட்டின் எல்லாக் கட்டுப்பாட்டு அறைகளிலும் இது கட்டாயமாக வேண்டும் என்பது என் நீண்டநாள் வேண்டுகோள்.

"துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை அழுத்திவிட்டால்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். அதே கிங் கவுன்டியில் தொலைபேசி வழிகாட்டுதலைக் கேட்டுத் தவறுதலாக நெஞ்சு அழுத்தப்பட்டவர்களை, அதாவது இதயம் நிற்காதவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். எலும்பு முறிவு சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். உள்ளுறுப்பு எதுவும் சேதமடையவில்லை. தேவையில்லாமல் அழுத்தப்பட்டவர் வலியில் உங்கள் கையைத் தள்ளிவிடுவார், நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். தேவையிருந்தும் அழுத்தப்படாதவர் எதுவும் சொல்லமாட்டார்.

வலிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயம் நின்றதும் மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகள் உடல் வெட்டி இழுப்பது உண்டு. வலிப்பு நோய் இல்லாத ஒருவர், அதுவும் நடுவயதைத் தாண்டியவர், திடீரென்று விழுந்து வெட்டி இழுத்தால் முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. அது எந்த வலிப்புக்கும் பயன்படாது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது கார். "108க்குக் காத்திருந்தால் நேரமாகும், நாமே தூக்கிப் போய்விடலாம்" என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. நினைவோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் மாரடைப்பு நோயாளிக்கு, ஆம்புலன்ஸ் தாமதமானால் அது சரியாகவும் இருக்கலாம். இதயமே நின்றவருக்கு அது பொருந்தாது. யாரும் அழுத்தாவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை சரிகிறது. தூக்கி, இறக்கி, வண்டியில் திணிக்கவே சில நிமிடங்கள் போய்விடும். பின் இருக்கையில் கால் மடங்கி, தாடை மார்பில் இடித்துக் கிடப்பவரின் நெஞ்சை யாராலும் சரியாக அழுத்த முடியாது. 1966ல் பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதயநோய் மருத்துவர் டிஃபிப்ரிலேட்டரை, அதாவது மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியை, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதற்குக் காரணமே, இதயம் நின்றவர்களில் பலர் மருத்துவமனைக்கு உயிரோடு வந்துசேர்வதில்லை என்று கண்டதுதான். சிகிச்சை அவர்கள் விழுந்த இடத்தில் தொடங்க வேண்டும். மலைக்கிராமங்களுக்கும் தொலைதூரக் குடியிருப்புகளுக்கும் இது முழுத் தீர்வு இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயும் முதல் வேலை அழுத்துவதுதான்.

எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தால் போதும், ஊசி போட்டு எழுப்பிவிடுவோம் என்ற நம்பிக்கையையும் உடைத்தாக வேண்டும். பிரிட்டனில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 8,000 பேருக்கு மேல் நடத்தி 2018ல் வெளியான ஆய்வில், அட்ரினலின் பெற்றவர்களில் 30 நாட்களுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 2.4 சதவீதம். பிழைத்தவர்களிலும் கடுமையான மூளைப் பாதிப்பு அட்ரினலின் பெற்றவர்களிடமே அதிகம். கனடாவின் ஒன்டாரியோவில் 17 நகரங்களில் நடந்த பெரிய ஆய்வு 2004ல் வந்தது. துரித மின்னதிர்ச்சி வசதி ஏற்கெனவே இருந்த அந்த ஊர்களில், குழாய் போடவும் மருந்து செலுத்தவும் தெரிந்த பணியாளர்களை ஆம்புலன்ஸில் சேர்த்தார்கள். பிழைத்தவர்களின் விகிதம் 5.0 சதவீதத்திலிருந்து 5.1 ஆனது, அவ்வளவுதான். உயிரைக் காப்பதில் பங்கு வகித்தவை, விழுந்ததை ஒருவர் பார்த்தது, அருகில் இருந்தவர் நெஞ்சை அழுத்தியது, மின்னதிர்ச்சி சீக்கிரம் கிடைத்தது. ஸ்வீடனில் 30,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2015ல் வந்த முடிவும் இதுவே: ஆம்புலன்ஸ் வருமுன் அழுத்தப்பட்டவர்களில் 10.5 சதவீதம் பேர் 30 நாள் தாண்டினார்கள், அழுத்தப்படாதவர்களில் 4 சதவீதம். எங்கள் பிரிவில் விலையுயர்ந்த கருவிகள் நிறைய இருக்கின்றன. அந்த ஐந்து நிமிடங்களைத் திருப்பித் தரும் கருவி ஒன்றும் இல்லை.

எப்படி அழுத்துவது? கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல், உடல் எடையை இறக்கி 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். பலர் மெதுவாகத் தடவிக்கொடுப்பதுபோல் அழுத்துகிறார்கள், போதாது. வயதானவர்களுக்கு விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். அதைக் கேட்டு நிறுத்தாதீர்கள், எலும்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், ஏனென்றால் நீங்கள் சோர்ந்துவிட்டது உங்களுக்கே தெரியாது. பெரியவர்களுக்கு வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்துவது மட்டுமே பெரிய உதவி. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் ஊதித் தர வேண்டும். அதை நேரில் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

விழுந்தவர் பெண் என்றால் கை தயங்குகிறது. அண்ணி, மாமியார், பஸ்ஸில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் என்று ஆண்கள் பின்வாங்குவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து தயங்காதீர்கள். புடவையை அவிழ்க்க வேண்டியதில்லை, அதன்மேலேயே அழுத்தலாம். பொது இடத்தில் அந்நியருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்று பயப்படுபவர்களுக்கு: விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016லேயே சட்ட வலிமை கொடுத்துவிட்டது. 2019ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதை 134ஏ பிரிவாகவே சேர்த்திருக்கிறது.

108ஐ அழைக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள், கைகள் நெஞ்சில் இருக்கட்டும். "நினைவு இல்லை, மூச்சு சரியாக இல்லை" என்பதை முதலில் சொல்லுங்கள்; சர்க்கரை நோய், பழைய மாத்திரை விவரமெல்லாம் பிறகு. அடையாளத்துக்குக் கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். படிக்கட்டில் நிற்கும் இருசக்கர வாகனத்தை நகர்த்தி, கேட்டைத் திறந்து, நாயைக் கட்டிப்போடுங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு ஓடிவிடாதீர்கள்; மருத்துவ உதவியாளர் பக்கத்தில் வந்து மண்டியிட்டு "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும்வரை ஒருவர் அழுத்திக்கொண்டே இருங்கள்.